பாபர் நாமா: ஒரு தாய்மொழி நூல்

அரசர்கள் தம் வரலாற்றை அவைப் புலவரைக் கொண்டு எழுதுவித்த காலத்தில், தம் கையாலேயே தம் வாழ்வை எழுதியவர் மொகலாயப் பேரரசை நிறுவிய பாபர். வரலாற்று மாணவர் பயிலும் 'பாபர் நாமா'வை இலக்கிய அன்பரும் பயில வேண்டும் என்பது நம் கருத்து.

1483-இல் பர்கானா நாட்டு அந்திஜானில் பிறந்த பாபர், 1494-இல் சிறுவனாகவே அரியணை ஏறினார். சமர்கந்தை மும்முறை வென்று மும்முறையும் இழந்தார். 1504-இல் காபூலையும், 1526-இல் பானிப்பட்டுப் போரால் தில்லியையும் பெற்றார். அக்காலத்தில் கற்றோர் மொழி பாரசீகம். அதில் கவிபாட வல்லவராயிருந்தும், தம் வரலாற்றைத் தாய்மொழியாகிய சகதாய் துருக்கியிலேயே எழுதினார்.

நூலின் சிறப்பு அதன் தெளிவு. மாங்கனியையும் மயிலையும் புதியவனின் கண்கொண்டு பார்த்து எழுதுகிறார். இந்துஸ்தானத்தில் நல்ல திராட்சை இல்லை, முலாம்பழம் இல்லை, பனிக்கட்டி இல்லை என்று அடுக்குகிறார். மழைக்காலக் காற்றையும், எத்தொழிலுக்கும் கைவினைஞர் நிறைந்திருப்பதையும் மனமாரப் புகழ்கிறார். ஒரு முலாம்பழத்தை அரிந்து உண்கையில் கண்ணீர் பெருகியதை மறைக்காமல் நண்பருக்கு எழுதுகிறார். பேரரசரும் ஊர் நினைவுக்கு விலக்கல்லர்!

குறையும் உண்டு. 1519-இல் பஜௌரில் கொன்றவர் தலைகளைக் கோபுரமாய் அடுக்கியதை, தோட்டம் அமைத்ததைச் சொல்லும் அதே அமைதியுடன் சொல்லிச் செல்கிறார். உண்மையை ஒளிக்காத அந்நேர்மையில் இரக்கம் இல்லை. தெளிந்த நடையை மெச்சும் நாம் இதனையும் மறத்தல் கூடாது.

1528-இல் மகன் உமாயூனுக்கு அவர் எழுதிய மடலும் இந்நூலில் உள்ளது. மகன் கடிதத்தின் எழுத்துப் பிழைகளைச் சுட்டி, செயற்கைச் சொற்களைத் தவிர்த்து எளிதாக எழுதுமாறு அறிவுறுத்துகிறார். அத்தனை அரசியல் தொல்லைகளுக்கிடையிலும் மகனின் தாய்மொழி எழுத்தைத் திருத்த அத்தந்தைக்கு நேரம் இருந்தது.

ஆயினும், பாபர் மறைந்தது 1530-இல். 1589-இல் பேரன் அக்பரின் ஆணைப்படி அப்துர் ரகீம் இந்நூலைப் பாரசீகத்தில் பெயர்க்க வேண்டியதாயிற்று. அறுபதாண்டு நிறைவதற்குள், பாட்டனாரின் நூல் பேரனின் அவைக்கு மொழிபெயர்ப்பில் வந்தது. ஆட்சி இருந்தது, செல்வம் இருந்தது. இருந்தும் அவையில் பாரசீகமே ஓங்கிற்று.

பிழைக்க வந்த ஊரில் வாழும் நமக்கு இது பிறர் கதையன்று. ஊரிலுள்ள பாட்டிக்கு நம் பிள்ளைகள் தமிழில் நான்கு வரி எழுதட்டும். பிழையிருப்பின், பாபரைப் போல் நாமும் உடனிருந்து திருத்துவோம்.