நெருக்கடி தீர்ந்த மறுநாள்

"கஷ்டம் வந்தால்தான் பெருமாள் ஞாபகம் வருமா?" உபன்யாச மேடைகளில் இந்தக் கண்டிப்பு அடிக்கடி கேட்கும். கேட்டவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள், ஏனென்றால் கேள்வியில் உண்மை இருக்கிறது. சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாற்றிலும் குருப்பெயர்ச்சிக்கு ஆலங்குடியிலும் நெருக்கியடித்த கூட்டம் அடுத்த வாரம் அங்கே இருப்பதில்லை. பொதுத்தேர்வு நெருங்கும்போது பிள்ளைகளைப் பேனாவும் நோட்டுமாகத் திருவஹீந்திரபுரத்து ஹயக்ரீவர் சந்நிதிக்கு அழைத்து வருகிறார்கள் பெற்றோர். ஹைதராபாத்தை அடுத்த சில்கூர் பாலாஜி கோயிலில் விசா வேண்டி வருபவர்கள் வேண்டும்போது 11 முறை வலம் வருகிறார்கள், கிடைத்தபின் வந்து 108 முறை. கேட்பதற்கு ஒரு கணக்கு, கிடைத்ததற்கு ஒரு கணக்கு.

இப்படிக் கண்டிப்பவர்கள் மாற்றாகச் சொல்வது முழுச் சரணாகதியை. துன்பத்தில் மட்டும் ஓடிவராமல் வாழ்வு முழுவதையும் அவன் பொறுப்பில் விட்டுவிடு என்கிறார்கள். தமிழ்நாட்டில் இந்தக் கருத்தை ஸ்ரீவைஷ்ணவம்போல் ஆழமாக எண்ணிப் பார்த்த மரபு வேறில்லை என்றே நினைக்கிறேன். பிரபத்தி என்று பெயரிட்டு, அதற்கு அங்கங்கள் வகுத்து, யார் செய்யலாம், எப்படிச் செய்வது என்று நூற்றாண்டுகளாக வாதிட்டு, அந்த வாதத்திலேயே வடகலை, தென்கலை என இரண்டு கலைகளாகவும் பிரிந்தது அது. ஆகவே இந்த நெறியின் பலத்தையும் பழுதையும் அங்கே வைத்துப் பார்ப்பதுதான் நியாயம்.

முதலில் அந்தக் கண்டிப்பையே சோதிக்க வேண்டும். மரபு சரணாகதிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும் பெயர்களை நினைத்துப் பாருங்கள். முதலை காலைக் கவ்விய கஜேந்திரன். சபையில் துகில் உரியப்பட்ட திரௌபதி. அண்ணனால் அவமதிக்கப்பட்டு இலங்கையை விட்டு வந்த விபீஷணன். சுற்றிச் சுற்றிப் பறந்தும் அஸ்திரத்துக்குத் தப்ப இடமில்லாமல் இராமன் காலடியிலேயே வந்து விழுந்த காகம். எல்லாருமே ஆபத்தில் கூப்பிட்டவர்கள்தாம். கீதையின் ஏழாம் அத்தியாயம் இறைவனை வழிபடுவோரை நான்கு வகையாக்கும்போது துன்பப்பட்டவனையும் பொருள் வேண்டுபவனையும் சேர்த்தே எண்ணுகிறது. ஞானியைத் தனித்துச் சிறப்பித்தாலும் நால்வருமே உயர்ந்தவர்கள் என்கிறது. ஸ்ரீவைஷ்ணவ ஆசாரியரான பிள்ளை லோகாசாரியர் தம் ஸ்ரீவசன பூஷணத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். பிரபத்திக்கு இடம், காலம், முறை, ஆள், பலன் ஆகிய எதிலும் விதி கிடையாது, யாரிடம் செய்கிறோம் என்பதில் மட்டுமே விதி உண்டு என்பது அவர் கட்சி. திரௌபதி நீராடித் தூய்மையான பிறகா சரணம் புகுந்தாள் என்று அவர் காட்டும் சான்று போதும்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், தேர்வுக்கு முதல்நாள் கோயிலுக்கு வந்த தாயைப் பார்த்து முகம் சுளிக்கும் பக்தருக்குச் சாஸ்திரம் துணை நிற்காது. பிள்ளை தேறிவிட வேண்டுமே என்ற பதைப்பில் அவள் கூப்பிடுவதில் பொய் ஏதும் இல்லை. மனிதர் வாழ்நாள் முழுக்க வழிபடும் நேரங்களில் பலவற்றைவிட அந்த நேரத்தில் அவள் நெஞ்சு முழுசாக இருக்கிறது.

பிசகு மறுநாளில் தொடங்குகிறது. மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்து வேண்டிக்கொண்டது நிறைவேறினால், முடியைக் காணிக்கை கொடுத்து, காசை உண்டியலில் போட்டுக் கணக்கை முடித்துக்கொள்கிறோம். நிறைவேறாவிட்டால் சாமியை மாற்றுகிறோம். இரண்டிலும் வாழ்க்கை அப்படியே இருக்கிறது. இதைவிட எனக்கு வருத்தம் தருவது அதன் பின்னே வரும் பயம். செலுத்தாமல் விட்ட நேர்த்திக்கடன் குடும்பத்தைத் துரத்தும். பத்து வருஷம் கழித்து வீட்டில் ஒரு விபத்து நடந்தால், எந்தச் சாமி குத்தமோ என்று பழைய வேண்டுதல்களைத் தோண்டுவார்கள். காப்பாற்றக் கூப்பிட்ட கடவுளே கடன்காரனாகி வாசலில் நிற்கிறான். நெருக்கடி பக்தியின் உண்மையான பழுது இதுதான். துன்பம் தீர்ந்தாலும் அது மனிதனைப் பயத்திலிருந்து விடுவிப்பதில்லை.

பிரபத்தியின் பெரிய பலம் இங்கேதான் தெரிகிறது. பங்குனி உத்திரத்தன்று திருவரங்கத்தில் தாயாரும் பெருமாளும் சேர்த்தியாக எழுந்தருளியிருக்கும்போது இராமானுசர் சரணாகதி கத்யத்தை விண்ணப்பித்தார் என்பது மரபு. அதில் அவர் வேண்டுவது நீங்காத தொண்டு. பொருளோ வெற்றியோ அவர் கேட்டவற்றில் இல்லை. காப்பாற்றும் பாரம் அவனுடையது, அதைப் பற்றி இனி நான் கவலைப்பட ஏதுமில்லை என்ற நிலையைத்தான் வேதாந்த தேசிகர் பின்னால் பர சமர்ப்பணம் என்று வகுத்து விரித்தார். இதை உண்மையாகவே ஏற்றுக்கொண்டவருக்குக் கிரகப் பெயர்ச்சி அச்சுறுத்தல் ஆகாது. பரிகாரப் பட்டியலோடு ஊர் ஊராக அலைய வேண்டாம். எந்தத் தெய்வத்துக்கு என்ன பாக்கி என்று கணக்குப் பார்க்க வேண்டாம். சோதிடமும் பரிகாரமும் நடுத்தரக் குடும்பங்களின் சேமிப்பைக் கரைத்துக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில் இது சின்ன விடுதலை அன்று.

இன்னொரு பலம், அது பிறப்பைக் கேட்காமல் விட்டது. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவரும் ஆளவந்தாரின் சீடருமான மாறனேரி நம்பி காலமானபோது இறுதிக் கிரியைகளைப் பிராமணரான பெரிய நம்பி தாமே செய்தார். ஊர் அவரைத் தூற்றியது. விளக்கம் கேட்ட இராமானுசருக்கு, ஜடாயுவுக்கு இராமன் செய்ததை அவர் நினைவூட்டினார் என்று குருபரம்பரைக் கதை சொல்லும். அடியாரின் பிறப்பை ஆராய்வதைக் கொடிய அபசாரமாக வைத்தவர் பிள்ளை லோகாசாரியர். தன்னிடம் ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொள்வதுதான் நுழைவுத் தகுதி என்றான பிறகு, குலப்பெருமையைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி உள்ளே போவது? கோட்பாட்டின் நியாயம் அவ்வளவு கூர்மையானது. நடைமுறை அந்தக் கூர்மையோடு இல்லாமல் போனது வரலாறு.

அந்த நடைமுறைக்கு வருகிறேன். சரணாகதி ஒருமுறை செய்தால் போதும் என்பது கொள்கை. அதன் ஆறுதல் பெரிது, ஆபத்தும் அதே அளவு பெரிது. தோளில் சங்கு சக்கரம் பொறித்துச் சமாசிரயணம் ஆகிவிட்டது, ஆசாரியர் முன்னிலையில் பாரத்தை ஒப்படைக்கும் பரந்யாசமும் ஆகிவிட்டது என்றால் பலருக்கு அது முடிந்துபோன காரியம். அன்று மாலையே பழைய கோபம், பழைய கணக்கு, வேலைக்காரப் பெண்ணிடம் பழைய கடுமை எல்லாம் திரும்பிவிடுகின்றன. நெருக்கடி பக்தர் வேண்டுதலைச் செலுத்திக் கணக்கை முடித்துக்கொள்வதுபோலவே இவர் சடங்கைச் செய்து முடித்துக்கொள்கிறார்.

கலைப்பிரிவின் மூலவாதத்தைக் குரங்குக்குட்டி, பூனைக்குட்டி உவமையால் சொல்வார்கள். தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டிபோல உயிரின் பக்கம் ஒரு சிறு முயற்சியாவது வேண்டும் என்பது வடகலை. பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போவதுபோல எல்லாம் அவன் செயலே என்பது தென்கலை. இரண்டையும் மதித்துப் படித்தவனாகச் சொல்கிறேன், இரண்டுக்கும் தனித்தனிப் பலவீனம் உண்டு. முதலாவதில் நான் சரணடைந்தேன் என்பதே சாதனையாகி, கரைய வேண்டிய அகந்தை புது வேடத்தில் வரலாம். இரண்டாவதில் செய்ய வேண்டியதைச் செய்யாமல் அவன் பார்த்துக்கொள்வான் என்று சாய்ந்துவிடலாம். இருதரப்பு ஆசாரியர்களும் இந்த ஆபத்துகளை அறிந்தே எழுதினார்கள். வழிவந்தவர்களோ காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில் பாராயணம் செய்யும் உரிமை யாருக்கு என்று தலைமுறை தலைமுறையாக நீதிமன்றம் ஏறினார்கள். என்னுடையது என்பதை விட்டுவிட்டதாகச் சொல்லும் நெறியில் இருப்பவர்கள், எங்கள் உரிமை என்று நூற்றாண்டு கடந்தும் வழக்காடியதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

இவற்றைவிடவும் கொடிய பழுது வேறு. முழுமை என்பதை அடுத்தவரிடம் அளக்கத் தொடங்குவது. பிள்ளையை இழந்த தாயிடம், "நீ முழுசா விடல, அதான்" என்று சொல்லும் நாக்குகளைக் கேட்டிருக்கிறேன். நோய் குணமாகாதவரிடம் நம்பிக்கை போதவில்லை என்பார்கள். மாத்திரையை நிறுத்துவதே நம்பிக்கைக்கு அடையாளம் என்றும் சிலர் தூண்டுவார்கள். சரணாகதியின் அங்கங்களில் மகாவிசுவாசம் ஒன்று என்பது சரிதான். ஆனால் அது சரணடைபவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியது, பக்கத்து வீட்டுக்காரர் மதிப்பெண் போட வேண்டியது அன்று. இதே சந்துவழியாகத்தான் போலிக் குருமார்களும் நுழைகிறார்கள். கடவுளிடம் சரணடைவது என்று தொடங்கி, ஆசிரமத்திடம், பிறகு ஒரு மனிதரின் விருப்பத்திடம், பிறகு அவருடைய வங்கிக்கணக்கிடம் என்று அது இறங்கிப் போகும். ஸ்ரீவைஷ்ணவம் ஆசாரியருக்கு மிக உயர்ந்த இடம் கொடுத்தது. அந்த இடத்துக்கு உரியவர் தமக்கென்று ஒன்றும் வேண்டாதவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை தளர்ந்த இடங்களில் எல்லாம் சீடர்கள் சுரண்டப்பட்டிருக்கிறார்கள். சரணாகதியைப் போதிப்பவர்கள் இந்த அபாயத்தை அதே மேடையில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதே முழுச் சரணாகதி என்ற எண்ணத்துக்குப் பதில் வேண்டுமானால், 1323-இல் திருவரங்கத்தின் மீது டெல்லி சுல்தானின் படை வந்தபோது நடந்ததைப் பார்க்கலாம். அவன் செயலே எல்லாம் என்று எழுதிய பிள்ளை லோகாசாரியர், பெருமாள் தம்மைத் தாமே காத்துக்கொள்வார் என்று இருந்துவிடவில்லை. மூலவர் முன்னே கல்திரை எழுப்பி மறைத்துவிட்டு, உற்சவரான நம்பெருமாளை எழுந்தருளச் செய்துகொண்டு தள்ளாத வயதில் தெற்கு நோக்கி நடந்தார். மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில் அவர் உயிர் பிரிந்தது. தேசிகரோ சுதர்சன சூரியின் சுருதப்பிரகாசிகை ஓலைகளையும் அவருடைய பிள்ளைகளையும் காக்கப் பிணங்களுக்கு நடுவே ஒளிந்து கிடந்து தப்பினார் என்கிறது மரபு. நம்பெருமாள் பல ஊர்களில் தங்கி, 1371-இல்தான் திருவரங்கம் திரும்பினார். இடைப்பட்ட காலத்தில் தேசிகர் இயற்றிய அபீதிஸ்தவம், திருவரங்கத்தின் பயம் நீங்க வேண்டும் என்ற விண்ணப்பம். சரணாகதிக்கு இலக்கணம் எழுதியவரே ஆபத்துக்காலத்தில் ஆபத்துக்காகக் கேட்டிருக்கிறார். முழுமையாக ஒப்படைத்தவர் எதையும் கேட்கவே கூடாது என்று இன்று பேசுபவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை.

இராமானுசரின் சீடர் கூரத்தாழ்வான் கதையும் இதையே காட்டுகிறது. சோழன் அவையில் கண்களை இழந்த அவரைக் காஞ்சி வரதனிடம் கண்ணைக் கேள் என்று வற்புறுத்தி அனுப்பியவர் இராமானுசரே. கேட்பது சரணாகதிக்குக் குறை என்று அந்த ஆசாரியர் நினைக்கவில்லை. ஆழ்வானோ தம்மைக் காட்டிக்கொடுத்த நாலூரானுக்கும் தமக்குக் கிடைக்கும் பேறே கிடைக்க வேண்டும் என்று கேட்டு வந்து நின்றார். கேட்பதை நிறுத்துவதால் வருவதில்லை முழுமை. ஆபத்து, இழப்பு, அநியாயம் எல்லாவற்றுக்கும் பிறகு கேட்பவரின் ஆசை எந்தத் திசையில் திரும்பியிருக்கிறது என்பதில்தான் அது தெரிகிறது. ஆழ்வான் கேட்டதைப் போலக் கேட்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பறிகொடுத்தவரிடம் மன்னிப்பைக் கடமையாக்குவது இன்னொரு கொடுமை.

விடை கிடைக்காத சரணாகதி ஒன்று மிச்சம் இருக்கிறது. இதைத்தான் உபன்யாசங்கள் வேகமாகத் தாண்டிவிடுகின்றன. பரதன் முறையாக, குறையில்லாமல் சித்திரகூடத்தில் அண்ணன் காலில் விழுந்தான். இராமன் திரும்பவில்லை. எதையும் முறைப்படி செய்யாத குகனோ தோழனாகவே ஏற்கப்பட்டான். ஒருவனுக்கு நன்மையே தீமையாயிற்று, மற்றவனுக்குத் தீமையே நன்மையாயிற்று என்ற பொருளில் பிள்ளை லோகாசாரியர் இதை எடுத்து வைக்கிறார். நாம் சரணடைவதுகூட அவனைக் கட்டுப்படுத்தும் கருவி ஆகாது என்பது அவர் கொள்ளும் முடிவு. அதற்கு மேலும் ஒரு செய்தி அந்தக் கதையில் இருக்கிறது. கேட்டது கிடைக்காத பரதன் வேறு தெய்வத்தைத் தேடிப் போகவும் இல்லை, சரயுவின் கரையில் கண்மூடி உட்காரவும் இல்லை. பாதுகைகளைத் தலையில் தாங்கி வந்து நந்திகிராமத்தில் வைத்து, அவற்றின் பேரில் 14 ஆண்டு வரி, காவல், வழக்கு என்று கோசலத்தின் அன்றாட வேலைகளைப் பார்த்தான்.