நீதிமன்றத் தமிழிற் பழகிய சொற்கள் : ஒரு நோக்கு

ஈழத்து நீதிமன்றங்களில் வழங்கும் தமிழைக் குறைகூறுவோர் பொதுவாக அதன் கடுமையையே சுட்டுவர். புதிதாக ஆக்கப்பட்ட கலைச்சொற்கள் மக்களுக்கு விளங்குவதில்லை என்பது அவர்தம் வாதம். இவ்வாதம் ஓரளவிற்கே பொருந்தும் என்பது எமது துணிபு. விளங்காத சொல்லைக் கேட்பவர் அதன் பொருளை வினவுவர். விளங்கியதாகத் தோன்றும் சொல்லைப் பற்றி எவரும் வினவுவதில்லை. குடியியல் வழக்கொன்றுக்கு ஆயத்தஞ் செய்வோருக்குப் பெரும் இடர் விளைப்பன இப்பிற்கூறிய வகைச் சொற்களேயாம்.

முதலிற் புதுச்சொல் ஒன்றை நோக்குவோம். 1889 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின்படி, இரு தரப்பாருக்குமிடையே தீர்க்கப்படவேண்டிய கேள்விகள், அவை நிகழ்வு பற்றியனவாயினும் சட்டம் பற்றியனவாயினும், வகுத்துரைக்கப்படல் வேண்டும். இவற்றை எழுவினாக்கள் என்பர். வழக்கிலிருந்து எழுகின்ற வினா என அச்சொல் தன் பொருளைத் தானே உரைக்கின்றது. வாதி, பிரதிவாதி என்பதா, வழக்காளி, எதிராளி என்பதா என்னும் விவாதமும் அத்துணை முக்கியமானதன்று. எவ்விணையை ஆண்டாலும் எவரும் தம் உரிமையை இழக்கப்போவதில்லை.

‘விளக்கம்’ என்னும் சொல்லின் நிலை வேறு. பேச்சுவழக்கில் அது தெளிவுபடுத்தலைக் குறிக்கும். நீதிமன்றிலோ சாட்சியம் நெறிப்படுத்தப்படும் கட்டத்தைக் குறிக்கும். வழக்கு விளக்கத்துக்குத் தவணையிடப்பட்டது எனக் கேட்பவர், அன்று தமக்கு ஏதோ தெளிவாக்கப்படும் என்றெண்ணி வெறுங்கையுடன் செல்லுதல் கூடும். சாட்சிகளதும் ஆவணங்களதும் நிரலை அத்தினத்துக்கு முன்னரே தாக்கல்செய்திருத்தல் வேண்டும். நிரலிற் பெயர் இடம்பெறாத சாட்சியை மன்றின் அனுமதியின்றி அழைத்தல் இயலாது.

‘ஒருதலைப்பட்சம்’ என்பதும் இத்தகையதே. உலகவழக்கில் அது நடுநிலை பிறழ்தலைக் குறிக்கும் பழிச்சொல். சட்டத்திலோ ஒரு தரப்பார் தோற்றாதவிடத்து மற்றவரை மாத்திரம் கேட்டு நடத்தும் விசாரணையைக் குறிக்கும். தமக்கெதிராக ஒருதலைப்பட்சமாய்த் தீர்க்கப்பட்டது என அறிந்த எதிராளி, நீதிபதி பக்கஞ்சார்ந்தார் எனக் கருதி மனங்கசந்திருப்பாராயின், செய்யத்தக்கதைச் செய்யாது காலத்தை இழப்பார். தீர்ப்பாணை தமக்குச் சேர்ப்பிக்கப்பட்டு 14 நாட்களுள், தாம் தோற்றாமைக்கு நியாயமான காரணங் காட்டி, அதனை நீக்குமாறு அவர் விண்ணப்பிக்கலாம்.

காணி வழக்குகளிலே இம்மயக்கம் மேலும் ஆழமானது. ‘ஆட்சி உறுதி’ என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். உறுதி என்பது ஐயமின்மையையும் உணர்த்தும், நொத்தாரிசு முடிக்கும் சாதனத்தையும் உணர்த்தும். ஆகவே ஆட்சி உறுதி முடித்தவர் தம் உரிமை ஐயமற நிலைபெற்றதாகவே நம்புகின்றார். உண்மையில் அவ்வுறுதி அவர் தாமே தமக்காகக் கூறிய கூற்றன்றிப் பிறிதன்று. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின்படி, உரித்தாளரின் உரித்துக்கு எதிரிடையாக 10 ஆண்டுகள் இடையறாது ஆண்டமையை அவர் சாட்சியத்தால் எண்பிக்க வேண்டும். உடையவரின் அனுமதியின்பேரிற் குடியிருந்தவருக்கு ஆண்டுக் கணக்கு மட்டும் துணைசெய்யாது. போரினால் தம் காணியை அணுக முடியாதிருந்தோரின் நிலை கருதி, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் தொடர்பிற் சிறப்பேற்பாடு செய்து 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டமை, ‘ஆட்சி’ என்னும் ஒரு சொல்லில் எத்தனை குடும்பங்களின் வாழ்வு தங்கியிருந்தது என்பதைப் புலப்படுத்தும்.

தேசவழமையின் ‘தேடியதேட்டம்’ இன்னுமோர் உதாரணம். தேடிய யாவும் தேட்டமே என்பது உலகவழக்கு. 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமும் அதனை மாற்றிய 1947 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கத் திருத்தமும் அதற்கு வரையறை வகுத்துள்ளன. கணவர் தம் முதிசக் காணியை விற்ற பணங்கொண்டு திருமணத்தின் பின்னர் வாங்கிய வீடு, திருத்தப்பட்ட வரையறையின்படி, தேடியதேட்டமாகாது. சொல் பழையது, எமது சொந்தச் சொல். ஆயினும் அதன் எல்லையை வகுப்பது சட்டமேயன்றி எமது செவிப்பழக்கமன்று.

இவற்றால் நாம் பெறும் முடிபு யாது? ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ஒரு தமிழ்ச் சொல்லை நிறுத்துவதோடு அமையும் சொற்றொகுதி மொழிபெயர்ப்பாளருக்குப் போதுமானதாகலாம். வழக்காடுவோருக்கு அது போதாது. உலகவழக்கில் ஒரு பொருளும் மன்றில் வேறொரு பொருளும் கொள்ளும் சொற்கள் தனியே தொகுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் இருபொருளும் எடுத்துக்காட்டுடன் தரப்படல் வேண்டும். அத்தகைய நூல் பெரியதாயிருத்தல் வேண்டுமென்பதில்லை. சட்ட மாணவரும் தமிழ் மாணவரும் கூடியிருந்து செய்யத்தக்க பணி இது. தமிழில் வழக்காடும் உரிமை சட்டத்தால் எமக்குக் கிடைத்தது. அவ்வுரிமை காணியையும் வீட்டையும் காக்கும் கருவியாதல், மன்றிற் கேட்கும் தமிழை வழக்காடுபவர் மன்றின் பொருளிலேயே விளங்கிக்கொள்வதிற்றான் தங்கியுள்ளது.