மோனாலிசாவுக்கு எதிர்ச் சுவர்

லூவருக்குப் போகாதவர்களுக்கும் அந்த அறை தெரியும். தூக்கிப் பிடித்த செல்போன்கள், அவற்றுக்கு அப்பால் கண்ணாடிக்குள் மோனாலிசா. 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம், அவ்வளவுதான். அந்தக் கூட்டம் முதுகைக் காட்டி நிற்கும் எதிர்ச் சுவரில், ஏறக்குறைய பத்து மீட்டர் அகலத்துக்கு ஒரு கல்யாண விருந்து நடந்துகொண்டிருக்கிறது. வெரோனீஸின் ‘கானாவூர்த் திருமணம்’. லூவரின் வரலாற்றைச் சொல்ல ஒரே ஒரு சுவர்தான் கிடைக்கும் என்றால், நான் இதைத்தான் கேட்பேன்.

1563-இல், வெனிஸின் சான் ஜோர்ஜோ மஜ்ஜோரே மடத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்காக வரைந்தது. துறவிகள் பேசாமல் சாப்பிடுகிற இடம். அவர்களுக்கு மேலே சுவர் முழுக்கப் பாட்டுக்காரர்கள், பட்டாடைகள், நாய்கள், நடுவில் இயேசு. கீழே இருக்கும் அந்த எளிய சாப்பாடு இல்லாவிட்டால் மேலே இருக்கும் ஆடம்பரத்துக்குப் பாதி அர்த்தம் போய்விடுகிறது.

1793-இல் அரசனின் சேகரிப்பைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது லூவர். உண்மையிலேயே பெரிய காரியம். ஆனால் நாலே வருஷத்தில், 1797-இல், நெப்போலியனின் படை இந்த ஓவியத்தை வெட்டிச் சுருட்டி பாரிஸுக்குக் கொண்டுவந்தது. இரண்டையுமே விடுதலையின் பேரைச் சொல்லித்தான் செய்தார்கள்.

நெப்போலியன் தோற்றதும், 1815-இல் வெனிஸின் வெண்கலக் குதிரைகள் ஊர் திரும்பின. ஓவியம் திரும்பவில்லை. ரொம்பப் பெரிசு, பயணம் தாங்காது என்றார்கள். பதிலுக்கு லெ ப்ருன் ஓவியம் ஒன்றைக் கொடுத்துச் சரிக்கட்டினார்கள். இரண்டாம் உலகப்போரில் அதே ஓவியத்தைச் சுருட்டி பாரிஸுக்கு வெளியே கொண்டுபோய்ப் பத்திரப்படுத்தினார்கள். அப்போது மட்டும் பயணம் தாங்கியது.

“மடத்துல இருந்தா நாலு சாமியாருங்க பார்த்திருப்பாங்க. இங்க உலகமே பார்க்குதே!” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். லூவரின் மொத்த வாதமும் அதுதான். ஆனால் எல்லோரும் பார்க்கட்டும் என்று எடுத்து வந்ததை யாரும் திரும்பிப் பார்க்காத இடத்தில் மாட்டினால், அந்த வாதம் எங்கே நிற்கும்? 2007-இல் வெனிஸின் அதே கூடத்தில், அதே சுவரில், அதே அளவில் ஒரு நகலை வைத்தார்கள். நகல்தான். ஆனாலும் எந்த இடத்துக்காக வரைந்தாரோ அந்த இடம் அதற்கு இருக்கிறது. அசலுக்கு அது இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மோனாலிசாவோடு செல்ஃபி எடுப்பவரின் முகம் வெரோனீஸ் பக்கம்தான் திரும்பியிருக்கிறது. கண்கள் மட்டும் போனில்.