தலைக்கு இவ்வளவு

ப்ளஸ் டூ முடிவு வருவது மே மாதத்தில். மாணவனின் பெயர், அப்பாவின் கைபேசி எண், படிக்கும் பிரிவு, ஊர் எல்லாம் அடங்கிய பட்டியலோ ஜனவரியிலேயே தனியார் கல்லூரிகளின் அட்மிஷன் அலுவலகங்களுக்கு வந்துவிடுகிறது. அதை யார் கொடுக்கிறார்கள் என்பதற்குப் பிறகு வருகிறேன். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் போன் போடுகிறவருக்கு அட்மிஷன் கவுன்சிலர் என்று பெயர். அவருடைய கணினித் திரையில் ஒவ்வொரு மாணவனும் ஒரு 'லீட்'. சேர்ந்துவிடுவான் போலிருந்தால் ஹாட், யோசித்துக்கொண்டிருந்தால் வார்ம், போனையே எடுக்காவிட்டால் கோல்டு. மாத இறுதியில் எத்தனை லீட் சேர்க்கையாக மாறியது என்பதுதான் அவர் வேலையின் கணக்கு. சில இடங்களில் தலைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை, சில இடங்களில் வெறும் டார்கெட். கல்லூரி விரிவுரையாளர்களையே கோடை விடுமுறையில் ஊர் ஊராக 'கேன்வாஸ்' அனுப்பி, ஆள் கொண்டுவராதவரின் மே மாதச் சம்பளத்தைப் பிடித்துவைக்கும் வழக்கமும் தமிழ்நாட்டில் யாருக்கும் தெரியாத ரகசியமல்ல.

இந்த வேலையைச் செய்கிறவர்கள் நல்லவர்களா என்று கேட்பதில் பயனில்லை. எல்லாத் தொழிலிலும் இருப்பதைப் போல இங்கும் இருவகையினரும் இருப்பார்கள். கேட்க வேண்டியது வேறு. சேர்க்கும் தலைகளை எண்ணிக் கூலி பெறுகிற ஒருவர், பதினேழு வயதுப் பிள்ளைக்குச் சொல்லும் யோசனையை யோசனை என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஒரு வழக்கமான அழைப்பு இப்படிப் போகும்:

"அம்மா, தம்பிக்குக் கட்ஆஃப் எவ்வளவு வருதும்மா?"

"நூத்தி நாப்பத்தி ரெண்டுன்னு சொன்னான் சார்."

"நல்ல மார்க்தாம்மா. ஆனா கவுன்சலிங்ல இந்த மார்க்குக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கிறது கஷ்டம். நம்மகிட்ட ரெண்டு சீட்டுதான் மிச்சம் இருக்கு. இன்னிக்கு ஐயாயிரம் மட்டும் கட்டி பிளாக் பண்ணிடுங்க, மீதிய அப்புறம் பாத்துக்கலாம்."

இதில் பொய் எவ்வளவு என்று தேடினால் அதிகம் அகப்படாது. 200-க்கு 142 என்ற கட்ஆஃபுக்கு முன்னணிக் கல்லூரிகளில் அந்தப் பிரிவு கிடைக்காது என்பது உண்மைதான். 'ரெண்டு சீட்டு' மட்டும் சந்தேகத்துக்குரியது. அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு முடிந்த பிறகும் ஆண்டுதோறும் ஏராளமான பொறியியல் இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. இந்த உரையாடலின் கோளாறு கவுன்சிலர் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியில் இருக்கிறது: "தம்பி ஆறாவதுல இருந்து கவர்மென்ட் ஸ்கூல்லதான் படிச்சானாம்மா?"

ஆமாம் என்று அந்த அம்மா சொல்லியிருந்தால் கணக்கே மாறிவிடும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021-இல் வந்தது. அதில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கும் என்று அதே ஆண்டு அறிவிக்கப்பட்டது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கிடைக்கும் கட்டணச் சலுகையும் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் உண்டு. ஐயாயிரம் கட்டி நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துகொள்கிற அரசுப் பள்ளிப் பையன், இலவசமாகப் படித்திருக்கக்கூடிய படிப்பையே நான்கு ஆண்டுகளும் காசு கொடுத்துப் படிப்பான். சில சமயம் அதே கல்லூரியில், அதே வகுப்பறையில்.

கவுன்சிலருக்கு இந்த விதிகள் தெரியாமலிருக்காது. தெரிந்து அதைச் சொன்னால், "அப்படின்னா கவுன்சலிங் வரைக்கும் பொறுத்துக்கறோம் சார்" என்று அந்த அம்மா போனை வைத்துவிடுவார். ஹாட் லீட் கோல்டாகிவிடும். இந்த வேலையை நான் உரசிப் பார்க்கும் கல் இதுதான்: எங்களிடம் வராதே என்பது சரியான யோசனையாக இருக்கும் இடத்தில், அதைச் சொல்ல இந்தப் பதவியில் இடம் இருக்கிறதா? தலைக்கூலி முறையில் இல்லை. சொல்கிறவர் தன் சம்பளத்தைத் தானே வெட்டிக்கொள்கிறார்.

எதிர்வாதத்தையும் அதற்குரிய மரியாதையோடு கேட்க வேண்டும். பெரம்பலூருக்கோ தேன்கனிக்கோட்டைக்கோ உள்ளடங்கிய ஒரு கிராமத்துக்கு, உயர்கல்வியைப் பற்றிப் பேச வீடு தேடி வருகிறவர் பெரும்பாலும் இந்தக் கவுன்சிலர் ஒருவர்தான். பெண்ணை வெளியூருக்கு அனுப்பத் தயங்கும் தகப்பனை அழைத்துப்போய் விடுதியைக் காட்டுகிறார். 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குப் பிணை கேட்கக்கூடாது என்பது தெரியாமல் வங்கி வாசலிலிருந்து திரும்பியவர்களுக்கு வித்யாலக்ஷ்மி இணையதளத்தில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறார். இப்படிப் படித்து மேலே வந்தவர்கள் நிறையப் பேர். இந்த ஆளை எடுத்துவிட்டால் அந்தக் கிராமத்துக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்விக்கு, குறை சொல்கிற நகரத்துக்காரர்களிடம் பதில் இருப்பதில்லை. 2022-இல் அரசு தொடங்கிய நான் முதல்வன், கல்லூரிக் கனவு போன்ற திட்டங்கள் அந்த இடத்தை ஓரளவு நிரப்பப் பார்க்கின்றன. ஆனால் அரங்கத்தில் ஆயிரம் பேரை உட்காரவைத்து நடத்தும் வழிகாட்டு நிகழ்ச்சி ஒன்று, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தகப்பனோடு பேசுவது வேறொன்று.

இந்த வாதம் பாதிவரை சரி. விடுதியைக் காட்டுவதும் கடன் விண்ணப்பம் எழுதுவதும் யார் செய்தாலும் உதவிதான். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, எவ்வளவு செலவு என்ற இடம் வந்ததும் அந்த உதவியின் நிறம் மாறுகிறது. பிளேஸ்மென்ட் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். '100 சதவீத வேலைவாய்ப்பு' என்கிற பேனரில் அந்த நூறு யாரில் நூறு என்பது இருக்காது. 300 பேர் படித்து முடித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அரியர் இல்லாத, வேலைக்குப் பதிவு செய்த 120 பேரை மட்டும் வகுக்கும் எண்ணாக எடுத்தால் எந்தக் கல்லூரியும் நூற்றை எட்டிவிடும். ஒரே மாணவி வாங்கிய 3 வேலைக் கடிதங்களை மூன்றாக எண்ணினால் நூற்றையும் தாண்டலாம். பேனரில் பளிச்சென்று இருப்பது உச்சச் சம்பளம். பெற்றோருக்கு வேண்டியது நடுச்சம்பளம், அதாவது வேலை கிடைத்தவர்களில் பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் வாங்குகிற தொகை.

அந்த எண்ணைப் பார்க்க வழியில்லாமல் இல்லை. தேசியத் தரவரிசையான என்ஐஆர்எஃப்பில் பங்கேற்கும் ஒவ்வொரு நிறுவனமும் எத்தனை பேர் உரிய காலத்தில் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், நடுச்சம்பளம் எவ்வளவு என்று கொடுத்தாக வேண்டும். 2016 முதல் தரவரிசை வருகிறது, தரவும் இணையத்தில் இருக்கிறது. கல்லூரிகள் தாமே கொடுக்கும் கணக்கு என்பதால் அதையும் கொஞ்சம் தள்ளி வைத்தே வாசிக்க வேண்டும். ஒரே ஆசிரியரைப் பல பொறியியல் கல்லூரிகள் தங்கள் முழுநேர ஆசிரியராகக் காட்டியதை 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டுவந்தது நினைவிருக்கலாம். இருந்தாலும் பேனரைவிட அந்தத் தரவு மேல். பெற்றோர் முன் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுகிற கவுன்சிலரைத்தான் ஆலோசகர் என்று ஒப்புக்கொள்ள முடியும்.

அப்படியானால் தலைக்கூலியைத் தடை செய்துவிட்டால் போதுமா? அமெரிக்கா செய்து பார்த்தது. அரசின் உதவித்தொகையும் கடனும் பெறும் மாணவர்களைச் சேர்க்கிற கல்லூரிகள், சேர்க்கை எண்ணிக்கையை வைத்து கமிஷனோ போனஸோ தரக்கூடாது என்று 1992-இல் அங்கே சட்டம் வந்தது. 2002-இல் கல்வித் துறை அதில் 12 ஓட்டைகளைப் போட்டது. அவற்றில் ஒன்று, எண்ணிக்கை மட்டுமே காரணமாக இல்லாதவரை ஒருவர் சம்பளத்தை ஆண்டுக்கு இரண்டு முறை மாற்றலாம் என்பது. 'மட்டுமே' என்ற அந்தச் சொல்லுக்குள் ஒரு தொழிலே புகுந்துகொண்டது. ஃபீனிக்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்க்கை ஆலோசகர்களாக இருந்த இரண்டு பெண்களே அந்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். 2009-இல், தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல், 7 கோடியே 85 லட்சம் டாலருக்கு அது சமரசம் செய்துகொண்டது. 2012-இல் வந்த செனட் குழு அறிக்கை இன்னொரு கணக்கைச் சொன்னது: லாப நோக்கில் நடக்கும் 30 கல்வி நிறுவனங்கள் 2010-இல் ஆள்சேர்ப்புக்கு வைத்திருந்த ஊழியர்கள் 35,202 பேர், படித்தவர்களுக்கு வேலை தேடித்தர வைத்திருந்தவர்கள் 3,512 பேர். பத்துக்கு ஒன்று.

2011-இல் அந்த ஓட்டைகள் அடைக்கப்பட்டன. அதே ஆண்டு, ஆள்சேர்ப்போடு மற்ற சேவைகளையும் சேர்த்துத் தருகிற வெளி நிறுவனம் என்றால் கட்டணத்தில் பங்கு வாங்கலாம் என்ற விளக்கமும் வந்தது. வாசலை அடைத்துவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்த கதை. படிப்பை முடித்த மாணவர்களின் எண்ணிக்கையை வைத்து ஊக்கத்தொகை தரலாமே என்ற யோசனையும் அங்கே எழுந்தது. கல்வித் துறை அதையும் தடுத்தது. தடுத்ததற்குச் சொன்ன காரணம் போதாது என்று 2012-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பியது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த யோசனை நம் ஊருக்கு ஒத்துவராது என்றே நினைக்கிறேன். பொறியியல் படிப்பு நான்கு ஆண்டு. சேர்த்துவிட்டவர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

அமெரிக்கச் சட்டத்தில் நமக்கு நேரடியாக வேலையுள்ள ஒரு வரி இருக்கிறது. வெளிநாட்டில் வசிக்கும், அமெரிக்க அரசின் உதவிக்குத் தகுதியில்லாத மாணவர்களைச் சேர்ப்பதற்கு இந்தத் தடை பொருந்தாது. ஓஹியோவில் இருக்கும் பையனைப் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குவது குற்றம், கோயம்புத்தூர்ப் பையனைப் பிடித்துக் கொடுத்து வாங்கினால் வியாபாரம். அங்குள்ள சேர்க்கை ஆலோசகர்களின் சங்கமான நாக்காக் கூட, வெளிநாட்டு முகவர்களுக்குக் கமிஷன் கூடாது என்றிருந்த தன் விதியை 2013-இல் தளர்த்திக்கொண்டது. சென்னையில் பல கன்சல்டன்சிகள் மாணவரிடம் 'சர்வீஸ் இலவசம்' என்று சொல்ல முடிவது இதனால்தான், பணம் மறுபக்கத்திலிருந்து வருகிறது. ஆகவே டை-அப் உள்ள பல்கலைக்கழகங்களே பரிந்துரையாகவும் வரும். கல்விக் கட்டணமே பெரும்பாலும் வாங்காத ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்கள் கமிஷனை எதிலிருந்து கொடுக்கும்?

இதற்கெல்லாம் முன்மாதிரி தேடி அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. மும்பையில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி இருக்கிறது. மியூச்சுவல் ஃபண்டில் பணம் போடுகிறவரிடமிருந்து விற்பனைக் கமிஷனுக்காகப் பிடித்துக்கொண்டிருந்த நுழைவுக் கட்டணத்தை அது 2009-இல் ஒழித்தது. 2013-இல் முதலீட்டு ஆலோசகர்களுக்கென்று தனி விதிமுறை கொண்டுவந்தது. 2020-இல் அதைத் திருத்தி, ஒரே வாடிக்கையாளருக்கு யோசனையும் சொல்லி ஃபண்டையும் விற்கும் வழியை அடைத்தது. கமிஷன் வாங்கி விற்கிறவர் தன்னைச் சுயேச்சையான நிதி ஆலோசகர் என்று அழைத்துக்கொள்ளவும் தடை உண்டு. விற்கிறவர் விற்கட்டும், யோசனை சொல்கிறவர் சொல்லட்டும், இரண்டு தொப்பியையும் ஒருவர் போட்டுக்கொள்ள வேண்டாம் என்பதுதான் அதன் சாரம். மாதம் ஐந்நூறு ரூபாய் எஸ்ஐபி போடுகிறவருக்கு இருக்கிற இந்தப் பாதுகாப்பு, பல லட்சம் ரூபாயையும் நான்கு ஆண்டுகளையும் ஒரே தொலைபேசி அழைப்பில் தீர்மானிக்கிற குடும்பத்துக்கு இல்லை.

கல்வித் துறையில் இருக்கும் விதிகள் பெரும்பாலும் பணம் கைமாறிய பிறகு விழித்துக்கொள்பவை. 2024-25 கல்வியாண்டில் செப்டம்பர் 30 வரை விலகினால் முழுக் கட்டணத்தையும், அக்டோபர் 31 வரை விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் கழித்துக்கொண்டு மீதியையும் திருப்பித்தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு சொன்னது. அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக்கூடாது என்பது அதன் 2018 அறிவிப்பிலேயே இருக்கிறது. நல்ல விதிகள்தாம், ஆனால் இதைச் சேர்க்கை நாளன்று சொல்ல வேண்டியவர் யார்? மறுபடியும் அதே கவுன்சிலர்.

என் தீர்ப்பு இது. சேர்க்கைக்கு ஆள் தேடும் வேலை தேவையான வேலை, அதை ஒழிக்க வேண்டியதில்லை. காலி இடங்களோடு கல்லூரிகள் இருக்கும்வரை ஒழிக்கவும் முடியாது. நிலத் தரகரோடு பேசும்போது எல்லோருக்கும் அவர் தரகர் என்று தெரியும், அதனால் அவர் பேச்சைத் தள்ளுபடி செய்து கேட்கிறார்கள். இவருக்கும் அப்படி ஒரு வெளிப்படையான அடையாளம் போதும். கல்லூரிப் பிரதிநிதி என்று அட்டையில் இருக்கட்டும், எண்ணிக்கைக்கு ஊக்கத்தொகை உண்டு என்று விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே அச்சடிக்கட்டும். கவுன்சிலர் என்ற பட்டத்தை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். டார்கெட்டுக்காக ஓடும் அந்த இளைஞர்களில் பலர் இப்படிப்பட்ட கல்லூரிகளிலேயே பொறியியல் முடித்து, வேறு வேலை கிடைக்காமல் இதில் வந்து உட்கார்ந்தவர்கள். அவர்களிடம் கடுமை காட்ட எனக்கு மனமில்லை.

கடுமையை ஜனவரிப் பட்டியலைக் கொடுத்தவர்களுக்கு வைத்திருக்கிறேன். அந்த எண்கள் வெளியே போகும் முக்கியமான வழி பள்ளிக்கூடம். தன் வகுப்பு மாணவர்களின் விவரத்தைக் கல்லூரி ஆளிடம் கொடுத்து, சேர்ந்த தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்கிற ஆசிரியர்கள் எல்லோரும் அல்லர், ஆனால் இருக்கிறார்கள். கவுன்சிலர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைப் பெற்றோர் கொஞ்சமாவது ஊகித்துக்கொள்வார்கள். "அந்தக் காலேஜ் நல்லா இருக்கும்பா, போய்ச் சேரு" என்று பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியர் சொன்னால் ஊகிக்க எதுவும் இல்லை. கமிஷன் வாங்காமல் யோசனை சொல்லக்கூடிய ஒரே ஆள் என்று கிராமத்துக் குடும்பம் நம்பியிருக்கிற இடம் அது. அரசுப் பள்ளி ஆசிரியர்களைப் பொறுத்தவரை இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் அன்பளிப்புக்கும் தனி வியாபாரத்துக்கும் ஏற்கெனவே கட்டுப்பாடு விதிக்கின்றன. அவற்றை எடுத்துப் பயன்படுத்த ஒரு மாவட்டக் கல்வி அலுவலர் மனது வைத்தால் போதும். தனியார் பள்ளிகளுக்குத்தான் புதிதாக ஒரு விதி எழுத வேண்டியிருக்கும்.