பின்னுக்குப் போகும் பந்து

நமது உதைபந்தாட்ட ரசிகர்களிடம் வேரூன்றிவிட்ட அபிப்பிராயங்களுள் மிகவும் பிழையானது எதுவென்று என்னைக் கேட்டால், நடுக்களத்தில் பந்தைப் பெற்ற ஒருவன் அதை முன்னுக்கு அனுப்பாமல் பின்னுக்குத் திருப்பிக் கொடுத்தால் அவன் பயந்தாங்கொள்ளி என்ற அபிப்பிராயமே என்று தயக்கமின்றிச் சொல்வேன். சுகததாச விளையாட்டரங்கின் படிகளில் கொட்டாஞ்சேனைக்காரர் கூடியிருக்கும் பக்கத்திலே, அப்படியொரு பாஸ் போன மறுகணம் "முன்னுக்கு அடியடா தம்பி, வந்த வழியே ஏன் போறாய்?" என்ற குரல் எழும், மறுநாட் காலை வெள்ளவத்தைச் சைவக்கடையில் வடையும் தேநீருமாக நடைபெறும் விசாரணையிலும் அதே குற்றச்சாட்டுத்தான் வாசிக்கப்படும். கோல் கணக்குகளை வாசகர்கள் அறிவார்கள். அவற்றை இங்கே ஒப்புவிக்கப் போவதில்லை. அந்த ஒரு பாஸைப் பற்றியும், அதை ஆடிய காலமெல்லாம் கொடுத்து, ஆடிய காலமெல்லாம் ஏச்சு வாங்கிய ஓர் ஆட்டக்காரரைப் பற்றியும் மாத்திரமே எழுத உத்தேசம்.

அவருடைய பெயரைச் சொல்லமாட்டேன். லீக் ஆட்டங்களை விடாமற் பார்த்து வருபவர்களுக்கு நாலைந்து பேருடைய முகங்கள் ஒருங்கே நினைவுக்கு வரலாம். வரட்டும், அவர்கள் அனைவருக்கும் இது பொருந்தும். வடக்கிலே பிறந்து, யுத்தத்தின் நடுவே ஆட்டம் பழகி, பாதை திறந்த வேளையில் கொழும்புக்கு வந்து, யுத்தம் முடியுமுன்னும் முடிந்த பின்னும் கழகம் கழகமாக மாறி, எந்த அணிக்கும் தலைவராகாமலே ஆடி ஓய்ந்தவர் என்று சொன்னால் போதும்.

அவர் செய்வதைச் சற்றுக் கிட்ட நின்று பார்ப்போம். பந்து தம்மை நோக்கி உருண்டு வருகையிலேயே வலது தோளுக்கு மேலாக ஒரு பார்வை, இடது தோளுக்கு மேலாக இன்னொரு பார்வை. எதிரணியினர் இருவர் நெருங்குகிறார்கள் என்று கண்டுகொண்ட பிறகே உட்பாதத்தால் பந்தைத் தொட்டு, எந்தப் பின்வரிசைக்காரரிடமிருந்து அது வந்ததோ அவருக்கே திருப்பி விடுகிறார். அரங்கம் ஏசுவது இந்தக் கணத்தில். ஏச்சு அடங்குமுன்னரே அவர் பத்து யார் இடப்புறமாக நகர்ந்துவிடுகிறார். அவரைத் துரத்தி வந்த இருவரும் தங்கள் ஸ்தானத்தை விட்டு இழுபட்டு வந்துவிட்டபடியால், அவர்கள் காத்து நின்ற இடம் வெறுமையாகக் கிடக்கிறது. பின்வரிசைக்காரர் பந்தைப் பக்கத்திலுள்ளவருக்குக் கொடுக்க, அவர் அதை அந்த வெறுமைக்குள் நம்மவரிடம் சேர்ப்பிக்க, இம்முறை எதிரணியின் கோலை நேர்முகமாகப் பார்த்தபடி, நிமிர்ந்து யோசிக்க அவகாசத்தோடு நிற்கிறார். அடுத்த பாஸ் ஓடுபவன் காலுக்குப் போகிறது. கோல் விழுந்தால் கைதட்டல் அடித்தவனுக்கு. தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர்களை ஊரே பார்க்கும். சில்லுக்கு அடியிலே கட்டை போட்டு, அந்தப் பெரிய தேரை வீதி முடக்கில் திருப்பிவிடுகிறவனை யார் பார்க்கிறார்கள்?

இந்தப் பழக்கத்துக்கு ரசிகர்கள் கற்பிக்கும் காரணம் ஒன்றுண்டு. "பாவம், சண்டைக்குள்ளே வளர்ந்த பொடியன், எங்கேயும் திரும்பிப் பார்த்துத்தான் நடப்பான்" என்பார்கள். அனுதாபம் போலத் தோன்றினும் இது அவமதிப்பே; ஒரு மனிதனுடைய விவேகத்தைப் பிடுங்கிக்கொண்டு அவன் கையிலே ஒரு காயத்தைக் கொடுக்கும் காரியம். உண்மையான காரணம் மைதானத்திலேயே இருக்கிறது. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு எரிபொருளும் பற்றரியுங்கூடத் தடைசெய்யப்பட்டிருந்த வருஷங்களில், மின்சாரமே இல்லாத ஊர்களிலே, கழகங்கள் தத்தம் காணிகளில் ஏழுபேர் ஆட்டங்களை நடத்தின. பொழுதுபடுமுன் முடிந்தாக வேண்டிய ஆட்டங்கள். தோற்றவன் வீட்டுக்குப் போகவேண்டிய விலகல் முறை. காய்ந்து இறுகிய அந்தச் சிறிய நிலத்திலே நடுவில் ஒருமுறை பந்தைப் பறிகொடுத்தால் எதிரணிக்காரன் இரண்டு தொடுகையில் கோல் வாசலில் நிற்பான். பந்தைக் கையளிக்காதிருப்பதே அங்கு முதற்பாடம். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்ததே, அதன் பின்னரும் அந்தப் பாடத்தைக் கைவிடாமல் காத்தவர்கள் கோழைகளாக இருந்திருக்க முடியுமா என்பதை ஏசுபவர்கள் யோசிக்கட்டும்.

2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்தம் கைச்சாத்தாகி, ஏப்பிரலில் ஏ-9 பாதை திறந்தபோது அவர் கொழும்புக்கு வந்தார். நமது நாட்டில் உதைபந்தாட்டத்தை நம்பி எவரும் சீவிக்க இயலாது. ஆட்டக்காரனுக்கு நிலையான சம்பளம் வேண்டுமென்றால் முப்படைக் கழகங்களிலே சேரவேண்டும், அல்லது தொழில் கொடுக்கக்கூடிய நிறுவனம் ஒன்றின் ஆதரவு வேண்டும். வடக்கிலிருந்து வந்த தமிழ் இளைஞனுக்கு முதலாவது கதவு திறக்கவில்லை; இரண்டாவது, ஒரு பருவத்துக்குத் திறந்து மறு பருவத்தில் மூடிக்கொண்டது. ஆகையாற்றான் அவர் கழகம் மாறினார். "ஓரிடத்தில் நிலைக்காதவர்" என்று எழுதிய பத்திரிகைக்காரர்கள், ஒரு கழகம் அவரை இடது பின்வரிசையிலும், இன்னொன்று நடுக்களத்திலும், மூன்றாவது முன்வரிசையிலுங்கூட நிறுத்தியதையும், எங்கு நிறுத்தினாலும் அவர் அதே நிதானத்தோடு ஆடியதையும் கவனிக்கவில்லை. 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி மூடப்பட்டபின், ஊருக்குப் போவதென்றால் திருகோணமலையிலிருந்து கப்பல், அல்லது இரத்மலானையிலிருந்து விமானம், இரண்டுக்கும் அனுமதி. 2007 ஜூன் 7ஆந் திகதி அதிகாலையில் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, புறக்கோட்டை லொட்ஜுகளிலிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்கே அனுப்பியதும், மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து இடைக்கால உத்தரவு பிறப்பித்ததும் இந்நகரத்தவர் அறிந்தவையே. அப்படிப்பட்ட லொட்ஜுகளிலே குடியிருந்துகொண்டுதான் அவரைப் போன்றவர்கள் பயிற்சிக்குப் போய் வந்தார்கள்.

கழகம் கழகமாக அலையும் இந்த விதி நமக்கு மாத்திரம் உரியதன்று. 1990 ஒக்டோபர் 3இல் ஜேர்மனி ஒன்றானபோது, கிழக்கின் முதற்பிரிவில் இருந்த 14 கழகங்களுள் இரண்டுக்கே ஒன்றுபட்ட தேசத்தின் முதற்பிரிவில் இடங் கிடைத்தது. ஆறு இரண்டாம் பிரிவுக்குப் போயின. எஞ்சியவை அதற்கும் கீழே. கிழக்கின் நட்சத்திரங்களை மேற்கின் பணம் உடனே வாங்கிக்கொண்டது. ஆனால் தொழிற்சாலை ஊழியர் என்ற பதிவோடு சம்பளம் பெற்று ஆடிக்கொண்டிருந்த சாதாரண ஆட்டக்காரனுக்கு, சுவர் விழுந்தவுடன் அந்தச் சம்பளமும் விழுந்தது. அதன்பின் ஊர் ஊராகக் கழகம் தேடுவதே அவன் கதியாயிற்று. நன்றாக ஓடுவான், சொன்னதைச் செய்வான், கற்பனை மட்டும் கிடையாது என்று கிழக்கத்தியரைப் பற்றிச் சொல்வது அங்கே ஒரு வழக்கம். எல்லை அழிந்தாலும், ஒரு பக்கத்தின் ஆட்டத்தை மறுபக்கத்தின் கண்ணால் அளக்கும் பழக்கம் அழிவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2009 மே மாதத்தில் இங்கே யுத்தம் முடிந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவிப் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணத்துக்கு ஓடிற்று; இந்திய உதவியுடன் புனரமைக்கப்பட்ட துரையப்பா விளையாட்டரங்கு 2016 ஜூனில் திறக்கப்பட்டது. பாதையும் அரங்கும் வந்துவிட்டன. நம்மவருடைய கால்களோ அதற்குள் மூத்துவிட்டன. தொழில்முறை லீக் என்ற பெயரோடு ஒன்று 2021இல் ஆரம்பமானபோது அவர் காலம் கடந்துபோயிற்று. அவரது கடைசிப் பருவங்களைக் கண்டவன் என்ற உரிமையோடு, பட்சபாதம் என்று சொல்வோர் சொல்லட்டும், இதைச் சொல்கிறேன்: வேகம் குறையக் குறைய அந்தத் தீர்மானம் கூர்மையாகிக்கொண்டே போயிற்று, முன்பு இரண்டு முறை திரும்பிப் பார்த்தவருக்கு இறுதியில் ஒருமுறை பார்ப்பதே போதுமாயிருந்தது.

இப்பொழுது வேடிக்கையைக் கேளுங்கள். சில வருஷங்களாக நமது தேசிய அணியிலே ஐரோப்பாவில், ஜேர்மனியிலுங்கூட, பிறந்து வளர்ந்த நம்மவர் பிள்ளைகள் இடம்பெறுகிறார்கள். அவர்களுள் ஒருவர் நடுக்களத்தில் நின்று, தோளுக்கு மேலாகப் பார்த்து, பந்தைப் பின்னுக்குத் தருகிறார், அரங்கம் "என்ன நிதானம், இதல்லவோ ஐரோப்பியப் பயிற்சி!" என்று வியக்கிறது. அந்தப் பிள்ளைகளின் சாமர்த்தியத்தில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை, வரவேற்கிறேன். எனினும் அதே பாஸ் அராலியிலிருந்தோ மன்னாரிலிருந்தோ வந்தால் கோழைத்தனம், ஐரோப்பாவிலிருந்து வந்தால் கலை என்று சொல்லும் ரசனையை ரசனையென்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இனி வருங்காலம். வடக்கிலிருந்து அடுத்து வரப்போகும் தலைமுறை, பாதை மூடியிருந்ததை அறியாத தலைமுறை. பெரிய மைதானத்திலே பழகியவர்கள், வேகமானவர்கள், பக்கவாட்டில் பறப்பவர்கள். இரண்டொரு வருஷத்தில் அவர்களுள் ஒருவரை நமது பத்திரிகைகள் தலையில் தூக்கி வைக்கும் என்பது நிச்சயம். அவருக்குப் பந்து சேர்ப்பிக்க நடுக்களத்தில் பொறுமைசாலி ஒருவர் இல்லாவிட்டால், அடுத்த பருவத்திலேயே அதே பத்திரிகைகள் அவரைக் கீழே போடும் என்பதும் நிச்சயம். 2023 ஜனவரியில் பீபா நமது சம்மேளனத்தை இடைநிறுத்தி ஓகஸ்டில் மீண்டும் சேர்த்துக்கொண்ட இடைவெளியில் ஆட்டமின்றி வாடிய இளைஞர்களில், நிதானக்காரர்களே முதலில் விலகியிருப்பார்கள் என்பது என் ஊகம்; ஓட்டக்காரனை எவரும் தேடி வருவர், நிதானக்காரனைத் தேட யாருமில்லை. மூன்றாவதாக, தேசிய அணிக்கு வரப்போகும் ஏதோவொரு வெளிநாட்டுப் பயிற்றுநர், இந்த வகை ஆட்டக்காரர் இத்தீவில் இல்லையென்று குறைகூறி, கடல் கடந்து ஒருவரை அழைப்பிக்கப் போகிறார். அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பயிற்றுநர் குறைகூறுமுன் நமது தேர்வாளர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. யாழ்ப்பாணம், வலிகாமம், பருத்தித்துறை, மன்னார் லீக்குகளின் ஆட்டங்களுக்கு ஆளனுப்பி, கோலடித்தவனுடைய பெயரோடு, அந்தக் கோலுக்கு மூன்று பாஸ்களுக்கு முன்னர் பந்தைப் பின்னுக்குக் கொடுத்தவனுடைய பெயரையும் குறித்துவரச் சொல்லட்டும். நம்மவர் ஆடி முடித்துவிட்டார். அவருக்குச் செய்யாததை அவருக்குப் பின் வருபவர்களுக்காவது செய்வது நம் கடமை.