அட்டவணைக்குள் ஒளியும் பழுது

தானியங்கிக் கியர் பெட்டியில் கியரை மாற்றுவது எண்ணெயின் அழுத்தம். அந்த எண்ணெயின் வழியைத் திறந்து மூடுபவை வரிச்சுருள்கள். மின்னோட்டம் பாய்ந்ததும் சுருள் காந்தமாகி வால்வை இயக்குகிறது. வேகத்தையும் எண்ணெயின் வெப்பநிலையையும் உணர்விகள் தெரிவிக்கின்றன. பழுது நேர்ந்தால், இவற்றின் மின்தடையை மல்டிமீட்டரால் அளந்து, கையேட்டின் அட்டவணையோடு ஒப்பிட்டு, 'எல்லைக்குள் இருக்கிறது. நல்லது' எனத் தீர்ப்பளிப்பது பணிமனை வழக்கம். இத்தீர்ப்பு எவ்வளவு நம்பத்தக்கது?

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1993-இல் புகுத்திய 4எல்60-இ என்னும் பெட்டியின் அட்டவணையை நோக்குவோம். கியர் மாற்றும் வரிச்சுருளின் தடை 20 டிகிரி செல்சியஸில் 19 முதல் 24 ஓம். 100 டிகிரியில் 24 முதல் 31 ஓம். இரண்டு வெப்பநிலைகளுக்கும் அளவு தந்திருப்பது இந்த அட்டவணையின் சிறப்பு. செம்பின் தடை டிகிரிக்கு ஏறத்தாழ 0.39 விழுக்காடு உயர்கிறது. 80 டிகிரிக்கு 31 விழுக்காடு. ஆகவே 20 ஓம் சுருள் சூட்டில் 26 ஓம் ஆவது பழுதன்று, செம்பின் இயல்பு. எண்ணெயின் வெப்பநிலையை அறியும் தெர்மிஸ்டரோ இதற்கு நேர்மாறு. 20 டிகிரியில் சுமார் 3,500 ஓம் காட்டுவது, 100 டிகிரியில் 200 ஓமுக்கும் கீழே இறங்கிவிடும். ஓடி வந்த வண்டியை அளந்துவிட்டு 20 டிகிரிக்குரிய வரியைப் பார்ப்பவர், நல்ல பாகத்தையே கழற்றி எறிவார்.

இனி, குறைக்கு வருவோம். 20 ஓம் சுருளுக்குச் செல்லும் இணைப்பியில் களிம்பேறி 3 ஓம் தடை கூடியதாகக் கொள்வோம். மீட்டர் 23 ஓம் காட்டும், எல்லைக்குள்தான். சூட்டில் 29 ஓம், அதுவும் எல்லைக்குள்தான். இணைப்பியைக் கழற்றிவிட்டுச் சுருளை மட்டும் அளந்தாலோ, களிம்பு கணக்கிலேயே வராது. ஆனால் 12 வோல்ட் மின்கலத்தில், சூடான சுருளின் மின்னோட்டம் 0.46 ஆம்பியரிலிருந்து 0.41-ஆகக் குறைகிறது. இழுவிசை மின்னோட்டத்தின் வர்க்கத்தை ஒட்டியது. எனவே விசையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. பழுது இருக்கிறது, அட்டவணை அதற்கு நற்சான்று வழங்குகிறது!

இதே பழுதை மின்னோட்டம் பாயும்போது தேடிப் பாருங்கள். இணைப்பியின் இருபுறத்திற்கும் இடையே 1.2 வோல்ட் வீழ்ச்சி தெரியும். நல்ல இணைப்பியில் இந்த வீழ்ச்சி பூச்சியத்தை ஒட்டியே இருக்கும். ஒளிந்திருந்த 3 ஓம் வெளிப்பட்டுவிடுகிறது.

தடையளவு சொல்லாத செய்திகள் வேறும் உண்டு. உலோகத்தூள் அடைத்து வால்வு சிக்கியிருந்தாலும் சுருளின் தடை மாறாது. வேக உணர்வியின் சுருள் பழுதின்றி இருந்தும், சுழலும் பற்களிலிருந்து இடைவெளி கூடிவிட்டால் அது தரும் மின்குறிப்பு நலிந்துவிடும்.

ஆகவே இச்சோதனையின் மதிப்பு ஒருபக்கமானது. அளவு எல்லையை மீறினால் பழுது உண்டு எனலாம். எல்லைக்குள் இருந்தால் பழுது இல்லை எனக் கூடாது. மீட்டர் சமனச் சுற்றில் தடையைக் கண்டு, வெப்பநிலையைக் குறிக்காமல் குறிப்பேட்டை மூடும் மாணவர்களும் இதை நினைவிற்கொள்வது நன்று. எந்த வெப்பநிலையில், எந்த மின்னோட்டத்தில் என்று சொல்லாத 'ஓம்' அரைகுறைச் செய்தியே.