மூலம் சிதைகிறது, உரை பெருகுகிறது!

நூலொன்றைத் திறனாய்வோர் முதலில் மூலத்தைப் படிக்க வேண்டும். அதன் பின்னரே உரையைத் தொட வேண்டும். கல்லூரியில் நாம் கற்ற முதற்பாடம் இது. மூலத்தை மூடி வைத்துவிட்டு, உரையைப் பார்த்து உரை எழுதுவோரை எள்ளி நகையாடவும் அங்கேதான் கற்றோம். இன்று நாம் திறனாய எடுத்துக்கொண்டுள்ள நூல் ஓலையில் எழுதியதன்று, தாளில் அச்சிட்டதன்று. எழுத்தே பொறிக்காத கற்களை வட்டமாய் வைத்து, முன்னோர் மண்மீது எழுதிச் சென்ற நூல். கல்வட்டம் என்பது அதன் பெயர். ஆசிரியர் பெயர் தெரியாத அந்நூலின் மூலம் நாளுக்கு நாள் சிதைகிறது. அதற்கு எழும் உரைகளோ நாளுக்கு நாள் பெருகுகின்றன. எந்த உரை மூலத்தோடு பொருந்துகிறது, எந்த உரை மூலத்தையே விழுங்குகிறது என்று காண்பதே நமது நோக்கம்.

பொங்கல் விடுமுறையில், பாளையம்பட்டியிலிருந்து மாணாக்கர் சிலரை அழைத்துக்கொண்டு, மதுரை, திருப்பத்தூர் வழியே புதுக்கோட்டை சென்று, அங்கிருந்து சித்தன்னவாசல் அடைந்தோம். கரிசல் மண்ணில் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அருப்புக்கோட்டையின் தறியொலியும், திருச்சுழியருகே மணலாய்க் கிடக்கும் குண்டாறும், கோடையில் வாய் பிளந்து நிற்கும் காடும் அன்றி வேறு காட்சி அதிகம் கண்டறியாதவர்கள்.

சித்தன்னவாசல் என்றதும் எவர் நினைவிலும் எழுவது ஓவியம். தாமரைக் குளம், அன்னம், மீன், மலர் கொய்யும் மாந்தர் என்று வண்ணத்தில் வாழும் சமணக் குடைவரை அது. பாண்டியன் அவனிபசேகரன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் அதைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. குன்றின் மேலே ஏழடிப்பட்டத்தில் துறவியரின் கற்படுக்கைகள் உள்ளன. அங்கே தமிழி எழுத்தும் உண்டு. இவற்றைக் காண வண்டி வண்டியாய் மக்கள் வருகின்றனர். ஆனால், ஓவியத்துக்கும் எழுத்துக்கும் மூத்த கல்வட்டங்கள் அச்சாலை ஓரத்திலேயே கிடக்கின்றன. அவற்றின் பொருட்டு வண்டியை நிறுத்துவோர் மிகச் சிலரே.

நாம் நிறுத்தினோம். செம்மண்ணிலும் முட்புதரிலும் பாதி புதைந்த கற்கள், வட்டமாய், ஒன்றையடுத்து ஒன்று. இடையிடையே கற்கள் இல்லை. பல் விழுந்த கிழவியின் வாய்போல வட்டம் ஆங்காங்கே வெறிச்சிட்டிருந்தது. நடுவே பலகைக்கற்கள், சில நிமிர்ந்தும் சில சாய்ந்தும் நின்றன. மேலே கவிந்திருக்க வேண்டிய மூடுகல்லைக் காணோம். பிள்ளைகள் அடிமேல் அடி வைத்து வட்டத்தை அளந்தனர். நாம் நின்று பார்த்தோம். இறந்தோர்க்கென்று இத்துணை உழைப்பா என்று வியந்தோம்.

முதலில் மூலத்தைப் படிப்போம். நிலத்தில் குழி அகழ்ந்து, நான்கு புறமும் பலகைக்கற்களை நிறுத்தி, ஒன்று மற்றொன்றைத் தாங்குமாறு அறை அமைப்பது ஒரு முறை. அவ்வறையே கற்பதுக்கை. அதன் பலகையொன்றில் ஆள் கையோ தலையோ நுழையும் அளவுக்கு வட்டத் துளை இடுவதுண்டு. பல ஊர்களில் அது கிழக்கு நோக்கியிருக்கும். உள்ளே கறுப்பும் சிவப்புமான மட்கலங்கள், இரும்புக் கருவிகள், மணிகள், மாந்தர் எலும்புகள். உடலை முழுமையாக அடக்காமல், எலும்புகளைப் பின்னர்த் திரட்டி வைத்த அடக்கங்களே பல. மேலே மூடுகல், சுற்றிலும் கல்வட்டம். பாறை மிகுந்த நிலத்தில் இவ்வாறு. தென்பாண்டி நாட்டிலோ தாழி மிகுதி. ஆதிச்சநல்லூரில் 1876-இல் செர்மானியர் யாகோரும், 1899 முதல் அலெக்சாண்டர் இரீயும் அகழ்ந்து கண்டது அத்தகைய தாழிக்காட்டைத்தான்.

பெருங்கற்காலம் என்ற பெயரைக் கேட்டு, இவர்கள் கல்லைத் தவிர வேறொன்றும் அறியாக் காட்டு மாந்தர் என்று மயங்குவோர் உண்டு. பெரிது அவர்கள் வைத்த கல். கையில் இருந்ததோ இரும்பு! திருவண்ணாமலை மாவட்டத்துக் கீழ்நமண்டியில் கல்வட்டத்தின் நடுவே கிடைத்த ஈமப்பேழையின் காலம் கி.மு. 1692 என்று 2025 சனவரியில் அறிவிக்கப்பட்டது. மூலம் இவ்வளவு சொல்கிறது. இனி உரைகளைப் பார்ப்போம்.

முதல் உரை, வட்டத்தருகே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் வாயிலிருந்தே வந்தது. "இது பாண்டவங்க குழி ஐயா. வனவாசத்துல அவுக தங்குன எடம்" என்றார். அவரை நாம் குறை கூறோம், கேட்டதைச் சொன்னார். அவருக்குச் சொன்னவர்கள் யார் என்பதே வினா. இப்பெயர் நேற்று முளைத்ததன்று. மலபாரில் இத்தகைய குழிகளைத் தோண்டிப் பார்த்த பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் 1823-இல் அச்சிட்ட கட்டுரைக்கே 'பாண்டு குழி' என்றுதான் பெயரிட்டார். பாண்டவர் ஐவர், துணைவி ஒருத்தி, காட்டில் கழித்தது பன்னிரண்டு ஆண்டு. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கருநாடகத்திலும் பரந்து கிடக்கும் ஆயிரக்கணக்கான குழிகளை இவர்கள்தாம் தோண்டினர் என்றால், வில்லைப் பிடிக்க அருச்சுனனுக்கு நேரம் ஏது? மண்வெட்டியன்றோ அவன் படைக்கலனாகியிருக்க வேண்டும்!

நகைப்பு ஒருபுறம் இருக்கட்டும். இவ்வுரையின் கேடு நகைப்புக்கு உரியதன்று. ஊரான் ஒருவன் தன் பாட்டனுக்கு எடுத்த கல்லறையை, எங்கோ அத்தினாபுரத்து அரச குமாரர்க்கு எழுதிக் கொடுத்துவிட்டது அது. பட்டா மாறிவிட்டது தோழர்களே! ஏர் இல்லை, வழக்கு இல்லை, பத்திரம் இல்லை; ஒரு கதையால் பட்டா மாறிவிட்டது.

இரண்டாம் உரை, இவை குள்ளர் வீடுகள் என்பது. சாண் உயர மாந்தர் இங்கே வாழ்ந்தனராம், அவர்களுக்கு ஏற்ற அளவில் கல்வீடு கட்டினராம், துளைதான் வாயிலாம். உற்று நோக்கி எழுந்த கற்பனை இது. துளையைக் கண்டிருக்கிறார்கள், அறையைக் கண்டிருக்கிறார்கள். ஆயினும் இவ்வுரையும் நம்மவரை நம்மவரல்லாதவர் ஆக்குகிறது.

மூன்றாம் உரை, நம் பிள்ளைகளே கூறியது. கரிசற்காட்டில் அப்பத்தா மடியில் கேட்ட கதை. முன்னொரு காலத்தில் கிழவர்க்குச் சாவே வராதாம். ஆண்டு ஏற ஏற உடல் சுருங்கிச் சுருங்கிக் கைப்பிள்ளை அளவாகிவிடுவராம். மாடக்குழியில் விளக்கோடு விளக்காய் வைத்துக் காப்பாராம். இனி இயலாது என்னும் நிலையில், தாழியில் அமர்த்தி, சோறும் நீரும் வைத்து, மூடிப் புதைப்பராம். அறிவியலுக்கு இது பொருந்தாது. எந்தக் கிழவரும் சுருங்கி மாடக்குழியில் அமர்ந்ததில்லை. ஆனால், பகுத்தறிவுக் கண்ணாடி அணிந்துகொண்டே இன்னொரு முறை பாருங்கள். இக்கதையில் தாழிக்குள் இருப்பவர் யார்? பாண்டவரல்லர், குள்ளரல்லர், நம் பாட்டனும் பாட்டியும்! செய்தி பிழை, உறவு சரி. புராணம் பறித்த பட்டாவை, எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தா பறிகொடுக்கவில்லை.

இலக்கியமும் அவள் பக்கமே சாட்சி சொல்கிறது. கணவனை இழந்த பெண்ணொருத்தி, தன்னையும் அவனோடு வைக்கத்தக்க அகன்ற தாழியாக வனைந்து தருமாறு குயவனை வேண்டும் பாட்டு புறநானூற்றில் உண்டு. சுடுதல் முதல் தாழியில் கவித்தல் வரை, இறந்தோரை அடக்கும் முறைகளை மணிமேகலை அடுக்கிக் கூறுகிறது. தாழிக்குப் பின்னே அழுகை இருந்தது, வனைந்த கை இருந்தது, ஊர் இருந்தது. தேவரும் அசுரரும் அங்கே இல்லை.

நான்காம் உரைக்கு வருகிறோம். இதைக் கூறும்போது நம் தோழர்கள் சிலர் சினம் கொள்ளக்கூடும், கொள்ளட்டும். அது மேடை உரை. சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்கிறது என்ற அறிவிப்பு 2025-இல் வந்தபோது நம் நெஞ்சும் நிமிர்ந்தது. நம் மாவட்டத்து வெம்பக்கோட்டையில் 2022 முதல் அகழாய்வு நடந்தபோது, ஒவ்வொரு சங்கு வளையல் துண்டுக்கும் மகிழ்ந்தோம். ஆனால், ஒரு காலக்கணிப்பு ஆராய்ச்சியின் வாயில், வீட்டின் கூரையன்று. நம் மேடைகளோ வாயிலில் நின்றுகொண்டே கூரை வேய்ந்துவிடுகின்றன. "உலகில் முதலில் எல்லாம் செய்தவன் தமிழன்! அவனிடம் உயர்வு தாழ்வு இல்லை. மேடு பள்ளம் இல்லை!" என்று முழங்குகின்றன. கைதட்டல் வானைப் பிளக்கிறது. கல் மட்டும் வாய் திறக்கவில்லை.

நாமும் அன்று வட்டத்தின் நடுவே நின்று அத்தகைய சொற்பொழிவு ஒன்றைத்தான் தொடங்கினோம். ஊரே கூடிக் கல் இழுத்ததையும், ஒற்றுமையின் வலிமையையும் உணர்ச்சி பொங்க உரைத்துக்கொண்டிருந்தோம். ஒரு சிறுவன் குறுக்கிட்டான். அவன் தந்தை கல் உடைக்கும் தொழிலாளி. கேட்டான்: "ஐயா, கல் இழுத்தவருக்கும் வட்டம் வைத்தார்களா?"

சொற்பொழிவு நின்றது. ஆம், வைத்தார்களா? கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில், ஒரே ஈமக்குழியில் 2,000-க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. எல்லாக் குழியிலும் அவ்வாறு கிடைக்கவில்லை. பல தலைமுறை ஊர் மக்கள் அனைவருக்கும் போதுமான கல்வட்டங்கள் எங்கும் இல்லை. ஒருவனுக்கு மணிக்குவியல், ஒருவனுக்கு மட்கலம், ஒருவனுக்கு வெறும் மண்ணோ? மேடு பள்ளம் அன்றும் இருந்ததற்கு அறிகுறி இது. சமத்துவம் பழைமையில் பத்திரமாய் இருந்தது, நாம் போய் எடுத்துவந்தால் போதும் என்று நம்புவோர், அதை ஆக்கும் கடமையிலிருந்து நழுவுகின்றனர். சமத்துவம் தோண்டி எடுக்கும் புதையலன்று; கூடி எடுக்க வேண்டிய கட்டடம். அதற்குச் சான்று தேடிக் கல்லறையைத் திரிக்க வேண்டியதில்லை. புராணத்தான் கல்லின்மேல் பொய்யை ஏற்றினால் இடித்துரைக்கும் நாம், நம் பெருமையை ஏற்றினால் மட்டும் கைதட்டலாமா? எடை எதுவாயினும் அடியில் நசுங்குவது கல்தானே!

உரைகள் இவ்வாறு மோதிக்கொண்டிருக்க, மூலம் என்னாகிறது? நிலத்தை விரிக்கக் கலப்பை ஒரு கல்லைப் பெயர்க்கிறது. புதையல் ஆசை ஒரு மூடுகல்லைப் புரட்டுகிறது. சாலைக்கும் சுவருக்கும் சல்லியாகிப் போகிறது மற்றொன்று. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய இழிவன்று. இங்கிலாந்தில் ஏவ்பரி என்னும் ஊரைச் சூழ்ந்துள்ள பெரும் கல்வட்டத்தை, 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் அவ்வூராரே தீயிட்டுச் சூடேற்றி, நீர் ஊற்றிப் பிளந்து, வீடு கட்டிக்கொண்டனர். இசுடோன்எஞ்சு கற்களை மெர்லின் என்னும் மாயக்காரன் கொண்டுவந்தான் என்று 12-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே ஏடு எழுதினர். பாண்டவர் அங்கும் உண்டு, பெயர்தான் வேறு! ஆனால், ஏவ்பரியில் புதையுண்டு கிடந்த கற்களை 1930-களில் மீண்டும் தூக்கி நிறுத்தினர். கல் கிட்டாத இடங்களில் அடையாளத் தூண் நட்டனர். இல்லாமையையும் காட்டும் அந்நேர்மை நமக்கு வேண்டும்.

சட்டம் இல்லையா? உண்டு. நடுவணரசின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. காக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டடம் எழுப்பத் தடையும் உண்டு. ஆனால், பட்டியலில் ஏறாத கல்வட்டத்துக்கு வேலி ஏது? அதற்குக் காவல் ஊர்தான். ஊர் காக்க வேண்டுமாயின், அது தன்னுடையது என்று ஊர் அறிய வேண்டும். கல்லை உடைத்த தொழிலாளிமேல் பாய்வது எளிது. கூலிக்குச் சம்மட்டி தூக்கிய அவனிடம், "இது உன் பாட்டன் வைத்த கல்" என்று எவரேனும் என்றேனும் சொன்னதுண்டா? பாண்டவர் குழி என்று சொன்னோம். பாண்டவர்க்காக அவன் ஏன் வருந்த வேண்டும்? உலகின் முதற்கல் என்று முழங்கினோம். அவன் பெயர் இல்லாத முழக்கம் அவனுக்கு எதற்கு?

ஆகவே, தோழர்களே, உரை எழுதுவதைச் சற்றே நிறுத்துவோம். மூலத்தைக் காப்போம். ஒவ்வொரு பள்ளியும் தன் ஊர் எல்லைக்குள் உள்ள கல்வட்டத்தையும் தாழி வாயையும் எண்ணிக் குறிக்கட்டும். உழும்போது தாழி தட்டுப்பட்டால் உடைத்துப் பாராது, தொல்லியல் துறைக்குத் தெரிவிக்கக் கற்பிக்கட்டும். இது செலவில்லாப் பணி. ஓர் ஏடும் எழுதுகோலும் போதும்.

திரும்பும் முன், அச்சிறுவன் பெயர்ந்து கிடந்த கல்லொன்றைத் தன் கையால் தட்டிப் பார்த்தான். உடைக்கத் தெரிந்த குடும்பத்துக் கை அது. "நல்ல கல் ஐயா, இதைத் தேர்ந்தெடுத்தவருக்குக் கல் தெரிந்திருக்கிறது" என்றான். நான்கு உரைகளும் சொல்லாததை அவன் சொன்னான். கல் இழுத்தவனுக்கு வட்டம் உண்டோ இல்லையோ, அவன் தேர்ந்த கல் இன்றும் நிற்கிறது. நிற்க வைப்பது இனி நம் பொறுப்பு!